வலது காலைப் பற்றி எழுதவில்லை

முட்டம்
12 ஆகஸ்டு 2012

எனக்கு மட்டும் தங்கையும் மற்ற எல்லாருக்கும் சிஸ்டருமான ரீத்தாவுக்கு,

சேசு மரி சூசை புண்ணியத்தில் அண்ணன் சிலுவைதாசன் முக்கால் உடம்போடு முழுச் சுகம். உன் மதினி ஞானசெல்வியும், என் மகளும் உன் மருமகளுமான பெபிஷாவும் அப்படியே. தான்சானியாவில் மலேரியா உன்னை விட்டதா, நீ அதை விட்டாயா என்று எழுது.

போனில் சிரித்தே மழுப்பிவிடுகிறாய், இனி கடிதம்தான் என்று நீ போட்ட உத்தரவுப்படி பேனாவைப் பிடித்திருக்கிறேன். மீன் ஏலம் விடுகிறவனுக்கு வாய் ஓடுகிற வேகத்தில் கை ஓடாது. பொறுத்துக்கொள்.

இரண்டு வருஷத்துக்கு முன், வெறுங்காலோடு ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது கெளுத்தி முள் ஏறி, சர்க்கரை வியாதியின் தயவால் வலியே தெரியாமல் மூன்று நாள் அந்த முள்ளோடு நடந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்த ஓர் அறிவாளி முட்டத்தில் உண்டு அல்லவா? அந்த அறிவாளிக்கு இப்போது யோகம். கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு ரப்பர் பாதம் மாட்டிவிட்ட நாராயணபெருமாள், நம்ம சுசீந்திரத்துப் பிள்ளை, கூப்பிட்டிருந்தார். கணுக்காலில் மோட்டாரும் பேட்டரியும் வைத்த கால் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறதாம். மனிதன் நடக்கும்போது குதிகால் எழும்புகிற நேரம் கெண்டைச்சதை ஒரு தள்ளு தள்ளுமாம். ரப்பர் பாதம் தள்ளாது, சும்மா கூட வரும், கல்யாண வீட்டுக்கு வருகிற சொந்தக்காரன் மாதிரி. வேலையெல்லாம் நல்ல காலுக்கு. ஒவ்வொரு அடியும் வலது கால் மேல் தொம் தொம்மென்று விழுகிறதாம். இந்த மோட்டார் கால் அந்தத் தள்ளைத் தரும், நல்ல காலுக்குப் பாரம் குறையும் என்கிறார். குறைகிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு மாதம் வீட்டுக்கே தருவார்கள். பிறகு வாங்கிக்கொள்வார்கள்.

முப்பத்தொரு கேள்வி கொண்ட படிவம் ஒன்று தந்தார்கள். குடி உண்டா, உண்டு, நிறுத்திவிட்டேன். மற்றக் காலில் புண் உண்டா, இல்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

உன் ஜெபத்தில் என் பேரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்து.

அண்ணன்
சிலுவைதாசன்

•

தான்சானியா
9 செப்டம்பர் 2012

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக. எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இங்கே மழை இல்லை. கிணற்றில் வாளி மோதுகிற சத்தம்தான் காலை ஜெபத்துக்கு மணி.

உன் கடிதம் இருபத்தைந்து நாளில் வந்தது. இரண்டு தடவை சிரித்தேன், மதர் ஒரு தடவை பார்த்தார்கள். மோட்டார் கால் கிடைப்பது நல்லது. ஆனால் நான் கன்னியாஸ்திரி மட்டுமில்லை, நர்ஸும்கூட. தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து வலது உள்ளங்காலைப் பார்க்கிறாயா? உனக்கு வலி தெரியாது. கண்தான் உனக்கு வலி. போன தடவை லீவில் வந்தபோது நான் வாங்கித் தந்த கண்ணாடி எங்கே இருக்கிறது? எழுது.

மதினிக்கும் பெபிஷாவுக்கும் என் முத்தம்.

தங்கை
சி. ரீத்தா

•

முட்டம்
21 அக்டோபர் 2012

பாசமுள்ள தங்கைக்கு,

எல்லாரும் சுகம். இங்கே கடலுக்கும் சுகம், கரண்டுக்குத்தான் சுகமில்லை. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் இருப்பதில்லை. வருகிற நேரத்திலும் வெட்கப்பட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிறது.

போன வாரம் கோயம்புத்தூர் போய்வந்தேன். ஓடுகிற பட்டை ஒன்றில் என்னை ஏற்றி, முகத்தில் மூடி மாட்டி, உடம்பெல்லாம் வயர் ஒட்டினார்கள். கால்பந்துக்குள் காற்றடிப்பது போல் நான் விடுகிற மூச்சை அளந்தார்கள். முதலில் ரப்பர் பாதம். ஐந்து நிமிடத்தில் நாக்கு வெளியே வந்தது. பிறகு மோட்டார் கால்.

ஏட்டி ரீத்தா, (சிஸ்டரை இப்படிக் கூப்பிட்டால் அற்பப் பாவம்தானே?) அதை எப்படிச் சொல்ல. சின்ன வயசில் நாம் வள்ளம் தள்ளும்போது அலை பின்னால் வந்து ஒரு கை கொடுக்குமே, அந்தக் கை. ஒவ்வொரு அடிக்கும் 'விர்'ரென்று ஒரு சத்தம், ஒரு கை. நான் நடக்கவில்லை, என்னை யாரோ நடத்தினார்கள். மூடிக்குள் அழுதுவிட்டேன். மூச்சுக் கணக்கு அந்த இடத்தில் கோணலாகிவிட்டதாம். "அண்ணாச்சி, கரையாதீங்க, ரீடிங் போவுது" என்றார் நாராயணபெருமாள்.

பிறகு ஆண்டவர் கட்டளையிட்டது போல் தன் பத்துக் கற்பனைகளைச் சொன்னார். "இத ஈரத்துல இறக்கப்பிடாது. மண்ணுல இறக்கப்பிடாது. உப்புத்தண்ணி ஒரு சொட்டு படப்பிடாது."

"அப்பம் முட்டத்துல நான் எங்க நடக்க, தம்பி? ஆகாசத்துலயா?"

"ரோட்டுல நடங்க. படி ஏறுங்க. நாங்க தார ஷூவ கழட்டப்பிடாது. அந்த உயரத்துக்குத்தான் கணுக்கால வச்சிருக்கு. வெறுங்காலா நின்னா மல்லாக்க விழுவீங்க."

இனி பெரிய செய்தி. பெபிஷாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. ஜெரிஷ், குளச்சல் பக்கம், கத்தாரில் வேலை. நல்ல பையன், கொஞ்சம் பேச்சு குறைவு. நம் வீட்டுக்கு அது தேவை. ஜனவரி 7-ஆம் தேதி எனக்கு மோட்டார் கால் தருகிறார்கள். அதனால் கல்யாணத்தை ஜனவரி 21 என்று வைத்தேன். காலுக்கு நாள் பார்த்துக் கல்யாணம் வைத்த முதல் தகப்பன் நானாகத்தான் இருப்பேன். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை மகளின் கையைப் பிடித்து, ஆடாமல் அசையாமல் நடந்து கொடுக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. ரப்பர் பாதத்தோடு நான் நடந்தால் பெண்ணைக் கொடுப்பது மாதிரி இருக்காது, பெண் என்னை எங்கோ கொண்டுபோய் விடுவது மாதிரி இருக்கும்.

அண்ணன்

•

தான்சானியா
18 நவம்பர் 2012

அன்புள்ள அண்ணனுக்கு,

பெபிஷாவின் கல்யாணச் செய்தி வந்த அன்று எங்கள் கான்வென்டில் எல்லாருக்கும் பாயாசம் வைத்தேன். சேமியா இல்லாமல் வைத்த பாயாசம், அதைப் பற்றிக் கேட்காதே. எனக்கு லீவு இல்லை. அடுத்த வருஷம்தான்.

மூச்சு பற்றி ஒரு பக்கம், மின்வெட்டு, மாப்பிள்ளை எல்லாம் எழுதியிருக்கிறாய். வலது காலைப் பற்றி எழுதவில்லை. கண்ணாடியைப் பற்றியும் எழுதவில்லை.

மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தங்கை
சி. ரீத்தா

•

முட்டம்
6 ஜனவரி 2013

அன்பு மிகுந்த தங்கைக்கு,

மூன்று ராசாக்கள் திருநாள் வாழ்த்து. அந்த மூன்று பேரும் நட்சத்திரத்தைப் பார்த்து சரியான நாளில் வந்து சேர்ந்தார்கள். என் கால் வந்து சேரவில்லை.

எனக்கு முன்னால் அதை வைத்திருந்த ஆளின் வீட்டில் மோட்டார் எரிந்துபோனதாம். அவர் மேல் குற்றமில்லை, யார் மேலும் குற்றமில்லை, மோட்டாருக்கும் ஆயுசு உண்டு. புதுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். "அடுத்த வாரம் வந்திரும் அண்ணாச்சி" என்றார் நாராயணபெருமாள். அவர் குரலில் நம்பி இறங்க முடியாத ஆடி மாதத்துக் கடல் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சம்பந்தி வீட்டில் போய் நின்று, கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னேன். "எதுக்கு?" என்று கேட்டார்கள். "காலு வரல" என்றேன். அந்த அம்மா என் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஜெரிஷ்தான், "மாமா சொன்னா சரி" என்றான். அவனுக்கு பிப்ரவரி 20 வரை லீவு. பிப்ரவரி 13 சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் இல்லை. அதனால் கடைசித் திங்கள், பிப்ரவரி 11. அதற்கு அந்தப் பக்கம் தள்ள இடமில்லை. ஒரு பக்கம் கத்தார், ஒரு பக்கம் தவக்காலம், நடுவில் நான் மோட்டாருக்குக் காத்துக்கிடக்கிறேன்.

கண்ணாடி கேட்டிருந்தாய். பத்திரமாக இருக்கிறது. பெபிஷா அதில் முகம் பார்க்கிறாள். கல்யாணப் பெண்ணிடமிருந்து கண்ணாடியைப் பிடுங்குவது எந்தக் கற்பனையை மீறுவது என்று நீயே சொல்.

அண்ணன்

•

தான்சானியா
27 ஜனவரி 2013

அண்ணா,

நான் சுகம். நீ?

உன் கடிதங்கள் மூன்றையும் மேசைமேல் பரப்பி வைத்துப் படித்தேன். வலது கால், படிவத்தில் நீ எழுதிய 'இல்லை' என்ற ஒரு சொல்லில் மட்டும் இருக்கிறது. புண் எவ்வளவு பெரிது? எந்த இடம்? பெருவிரலின் அடியிலா?

நேற்று பக்கத்து ஊருக்குப் போய் போன் செய்தேன். மதினி எடுத்தாள். நீ பின்னால் நின்று, "நல்லா இருக்கேன்னு சொல்லுட்டி" என்று சொன்னது எனக்குக் கேட்டது. மதினியும் அப்படியே சொன்னாள். பிறகு லைன் போய்விட்டது. போனதா, வைத்தீர்களா தெரியாது.

அந்த மோட்டார் காலைத் தருவதற்கு முன் நிலையத்தில் சொல்லிவிடு. நாகர்கோவிலில் நல்ல டாக்டரிடம் போ. கல்யாணத்தன்று நடக்காதே. நாற்காலியில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய். எந்த மகளும் அதற்காகக் குறைந்துபோக மாட்டாள்.

இது உன் கைக்கு வரும்போது கல்யாணம் முடிந்திருக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு என்ன செய்ய?

ரீத்தா

•

குளச்சல்
13 பிப்ரவரி 2013, சாம்பல் புதன்

அன்பான சிஸ்டர் அத்தைக்கு,

உங்கள் ஆசீர்வாதத்தால் திங்கட்கிழமை எங்கள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நீங்கள் அனுப்பிய ஜெபமாலையைக் கையில் சுற்றியிருந்தேன். ஜெரிஷும் அவர்கள் வீட்டாரும் உங்களை விசாரித்தார்கள். நெற்றியில் சாம்பலோடு இதை எழுதுகிறேன்.

அப்பா எழுதினால் வேறு மாதிரி எழுதுவார், அதனால் நான் எழுதுகிறேன். கால் வரவில்லை. ரப்பர் பாதத்தோடுதான் நடந்தார். கோயில் வாசலில் வழக்கம்போல எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். அப்பா வலது செருப்பை மட்டும் கழற்றினார். "இடது காலு ரப்பரு, அதுக்கு கோயிலுன்னும் தெரியாது தெருவுன்னும் தெரியாது. வலதுதான் ஞானஸ்நானம் வாங்குன காலு" என்று சொல்லிச் சிரித்தார். செருப்பு போட்ட கால் உயரம், போடாத கால் பள்ளம். கருங்கல் தரையில் மெல்லிய வெள்ளைக் கம்பளம்தான் விரித்திருந்தது, ஒவ்வொரு அடியும் வலது கால் அதில் இறங்கி விழுந்தது. பாதி வழியில் என் கையை இறுக்கினார். பிறகு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கோயிலே பார்த்தது. பாட்டுக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். அப்பா பீடத்தைப் பார்த்து ஏலக் குரலில், "ஒருதரம்... ரெண்டுதரம்... மாப்பிள, இஞ்ச வாரும், ஏலம் இங்கயே முடியட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்தார். ஜெரிஷ் இறங்கி வந்து அப்பா கையிலிருந்து என் கையை வாங்கிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை அத்தை. அப்பாவின் கை வியர்வையில் சொதசொதவென்று நனைந்திருந்தது.

நான் பீடத்துக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா உட்கார்ந்த இடம்வரை வெள்ளைக் கம்பளத்தில் வலது கால் தடம் மட்டும் சிவப்பாக ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அம்மாவுக்கு ஆகஸ்டிலிருந்தே தெரியுமாம். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நாளைக்குக் காலை அந்தக் கால் வருகிறதாம்.

உங்கள் மருமகள்
பெபிஷா

•

முட்டம்
3 மார்ச் 2013

தங்கைக்கு,

உன் ஜனவரிக் கடிதம் போன வாரம் வந்தது. பெபிஷா உனக்கு எழுதியதையும் சொன்னாள். வீட்டில் உளவாளியை வளர்த்து, சீர் செய்து அனுப்பியிருக்கிறேன்.

ஆம். ஆகஸ்டிலேயே இருந்தது. பெருவிரலின் அடியில்தான், நீ சொன்ன அதே இடம். படிவம் எழுதும்போது சிறுபயறு அளவு. கல்யாணத்துக்கு முன் ஒரு ரூபாய் நாணயம். இப்போது நாணயத்தோடு ஒப்பிட முடியாது. நாகர்கோவில் டாக்டரையும் பார்த்தேன். "காலில் பாரம் போடாதே" என்றார். இன்னொரு கால் இருப்பவனிடம் சொல்ல வேண்டியது அது. புண் உண்டு என்று எழுதினால் மோட்டார் கால் கிடையாது. மோட்டார் கால் இல்லாவிட்டால் வலது காலில் பாரம் குறையாது. பாரம் குறையாவிட்டால் புண் ஆறாது. ரீத்தா, நான் படித்தவனில்லை, இந்த வட்டத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரிந்தால் நீயாவது சொல்லேன்.

பிப்ரவரி 14-ஆம் தேதி வந்தது. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். எல்லாருக்கும் தவக்காலம், எனக்குப் பெருநாள். பேட்டரி நாலு மணி நேரம் நிற்கும். வீட்டில் கரண்ட் இல்லாததால் துறைமுகத்து ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரில் சார்ஜ் போடுகிறேன். நெத்திலிப் பெட்டிகளுக்கு நடுவில் என் கணுக்கால் பச்சை லைட் எரிந்துகொண்டு கிடக்கும். மீன்காரிகள் அதற்கும் விலை கேட்கிறார்கள்.

ஷூவோடு கோயிலுக்குள் போக ஃபாதரிடம் அனுமதி வாங்கினேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. பதினாலு ஸ்தலம், பதினாலு முட்டுக்குத்தல், எழும்பும்போது பதினாலு 'விர்'. ஆண்டவரே மூன்று தடவை விழுந்த பாதையில் நான் ஒரு தடவையும் விழவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பெருமையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், நீ திட்ட வேண்டாம்.

நேற்று கலங்கரை விளக்கத்து மேட்டில் ஏறினேன். ஏற்றத்தில்தான் அந்தக் கை நன்றாகத் தெரிகிறது. மேலே நின்று கடலைப் பார்த்தேன். கீழே மணலில் ஏலச் சத்தம். அங்கே இந்தக் காலோடு போக முடியாது. போகவும் தோன்றவில்லை.

புண்ணின் ஓரத்தில் சிவப்பு குறைந்திருக்கிறது என்கிறாள் ஞானசெல்வி. அவள் என் மனைவி, சாட்சி செல்லாது. மார்ச் 16-ல் காலைத் திருப்பித் தர வேண்டும்.

அண்ணன்

•

தான்சானியா
24 மார்ச் 2013, குருத்து ஞாயிறு

அண்ணா,

உடம்பு எப்படி என்று கேட்க இந்தத் தடவை பயமாக இருக்கிறது.

பெபிஷாவின் கடிதம் வந்ததும் நாராயணபெருமாளுக்கு எல்லாவற்றையும் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு விலாசமும் எழுதினேன். ஐந்து நாள் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. சொன்னால் அந்தக் காலைப் பிடுங்குவார்கள். சொல்லாவிட்டால் உன் காலை. கன்னியாஸ்திரிக்கும் நர்ஸுக்கும் பொய் ஆகாது. தங்கைக்கு என்ன ஆகும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

நான் அனுப்பவில்லை. சரியா தவறா என்று யோசிப்பதற்குள் 16-ஆம் தேதி போய்விட்டது. போட்டிருந்தாலும் தபால் அதற்கு முன் போய்ச் சேர்ந்திருக்காது என்பது எனக்குச் சமாதானம் இல்லை.

எழுது. கேலி வேண்டாம்.

ரீத்தா

•

நாகர்கோவில், ஆஸ்பத்திரி
5 மே 2013

என் பிரியமான தங்கைக்கு,

கேலி வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் இத்தனை நாள் எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது.

மார்ச் 16 கோயம்புத்தூர் போனோம். கடைசிப் பரிசோதனையில் இரண்டு ஷூவையும் கழற்றச் சொன்னார்கள். நான் இடதைக் கழற்றிவிட்டுப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நாராயணபெருமாள் குனிந்து அவரே வலதைக் கழற்றினார், உறையையும் உருவினார். புண்ணைப் பார்த்தார்.

"முன்னமே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி."

"சொல்லியிருந்தா காலு தந்திருப்பியளா?"

"இல்ல."

அவ்வளவுதான் பேசினோம். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. புண் இருந்த ஆளை எடுத்தது தவறு, அதனால் என் கணக்கு ஆராய்ச்சியில் சேராதாம். அந்தக் காலுக்குள் சின்னச் சில்லு ஒன்று நான் வைத்த ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டே இருந்ததாம். சிலுவைப்பாதை, மேடு, எல்லாம் அதில் உண்டு. அதை அழித்துவிட்டு வேறொருவரை எடுத்திருக்கிறார்கள். அவருக்காவது நன்றாக இருக்கட்டும்.

ரப்பர் பாதத்துக்குத் திரும்பினேன். ஈஸ்டர் முடிந்து பத்தாம் நாள் காய்ச்சல். ஏப்ரலில் இரண்டு விரலை எடுத்தார்கள். போதவில்லை. வருகிற 13-ஆம் தேதி முழங்காலுக்குக் கீழே. இடதுக்கு ஜோடியாக அதே உயரத்தில் எடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். மன்னித்துக்கொள், இது ஒன்று தானாக வந்துவிட்டது.

நேற்று நாராயணபெருமாள் சுசீந்திரம் போகிற வழியில் பார்க்க வந்தார். அவர்கள் தந்த ஷூ ஜோடி கட்டிலுக்கு அடியில் இருந்தது. எடுத்துக் கவிழ்த்து, குதிகாலை நகத்தால் தடவிப் பார்த்தார். இதற்கு முன் நான் போட்ட எந்தச் செருப்பிலும் வலதுதான் சப்பிப்போய்க் கிடக்கும், இடது புதுசாக இருக்கும்.

"ரெண்டும் ஒண்ணுபோல தேஞ்சிருக்கு, அண்ணாச்சி" என்றார்.

"எழுதிக்கிடுங்க."

"அத எழுத எங்க படிவத்துல எடம் இல்ல."

ஷூவைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். இடதை இடது பக்கம், வலதை வலது பக்கம், யாரோ இப்போது எழும்பிப் போட்டுக்கொள்ளப் போவது போல.

பெபிஷா தினமும் வருகிறாள். ஜெரிஷ் கத்தாரிலிருந்து போன் செய்கிறான், பேச்சு இப்போதும் குறைவுதான். ஞானசெல்வி உன் கேள்விக்கும் என் சத்தியத்துக்கும் நடுவில் இளைத்துவிட்டாள். அவளைத் திட்டாதே.

நீ வாங்கித் தந்த கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னேன். காலையில் டிரஸ்ஸிங் மாற்றும்போது ஞானசெல்வி அதைப் பிடிக்கிறாள், நான் உள்ளங்காலைப் பார்க்கிறேன். ஒரு நாளும் தவறவில்லை. இன்னும் எட்டு நாள் பார்க்கலாம்.

உன் அண்ணன்
சிலுவைதாசன்